நண்பர்களோடு ஒரு நாள் படகில் தூண்டில் போட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், சின்னப் படகில், நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு பகல் முழுக்கத் தூண்டில் போடுவது பற்றித்தான் இந்தக் கேள்விகள். தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒன்றும் புதிதாக இருக்காது. கேட்கிறவர்களில் பாதிப் பேர் எந்த ராட் (தூண்டில் கம்பு) வாங்கலாம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், ஆனால் நாள் நன்றாகப் போவதும் கெட்டுப்போவதும் தண்ணீர் ஓடுகிற நேரத்தையும் கூட வருகிற ஆட்களையும் வைத்துத்தான், ராடு எல்லாம் அதற்கு அப்புறம். அதனால் பதில்களும் அந்த வரிசையிலேயே இருக்கின்றன.

எத்தனை பேர் போகலாம்?

படகில் எத்தனை பேர் உட்கார முடியும் என்பது வேறு, எத்தனை பேர் தூண்டில் போட முடியும் என்பது வேறு. 5 மீட்டர் நீளமுள்ள படகில் நான்கு பேர் தூண்டில் போட்டாலே முழங்கை இடிக்கும். மூன்று பேர் என்றால் தாராளம். படகிலேயே எழுதியிருக்கும் எடை அளவு ஆட்களுக்கு மட்டுமானது இல்லை, ஐஸ்பெட்டி, பெட்ரோல், தண்ணீர் கேன், நங்கூரம் எல்லாம் சேர்த்துத்தான் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, கிளம்புவதற்கு முன்பே ஒருவரைப் படகுக்குப் பொறுப்பு என்று முடிவு செய்துவிடுங்கள். வயதில் மூத்தவரோ படகு வாங்கியவரோ ஆக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, கடல் பழகியவராக இருந்தால் போதும். அவர் "திரும்பலாம்" என்றால் திரும்ப வேண்டும், இன்னும் பத்து நிமிஷம் என்று யாரும் கெஞ்சக் கூடாது. அவர் அன்றைக்கு மது பக்கமே போகக் கூடாது. மற்றவர்களும் தொடாமல் இருந்தால் நல்லது, ஆடுகிற படகில் தடுமாறி விழுவதற்கு யாருக்கும் உதவி தேவையில்லை.

எந்த நாளில் போனால் மீன் கிடைக்கும்? அமாவாசை, பௌர்ணமி பார்க்க வேண்டுமா?

பார்க்கத்தான் வேண்டும், ஆனால் காரணம் தெரிந்து பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும், நீரோட்டமும் பலமாக இருக்கும். அதிலிருந்து ஏறக்குறைய ஏழு நாள் தள்ளிப் போனால் ஏற்றமும் வற்றமும் குறைந்து ஓட்டம் மந்தமாகிவிடும். கழிமுகத்திலும் ஆழம் குறைந்த இடத்திலும் தூண்டில் போட ஓட்டமுள்ள நாட்கள் நல்லவை. ஆழமான பார்களின், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளின் மேல் அதே ஓட்டம் உங்கள் தூண்டிலின் எடைக் குண்டைத் தரையில் நிற்க விடாமல் அடித்துக்கொண்டு போய்விடும், அங்கே மந்தமான நாட்களே வசதி.

நாளைவிட முக்கியம் நேரம். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 6 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அந்த ஆறு மணி நேரமும் தண்ணீர் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. முதல் மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் நகரும், மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் சேர்ந்து பாதித் தண்ணீர் நகர்ந்துவிடும், கடைசியில் மறுபடி மெதுவாகிவிடும். சின்ன மீன்களும் இறால்களும் இந்த ஓட்டத்தில் அடித்துவரப்படும்போதுதான் பெரிய மீன்கள் வேலைக்கு இறங்குகின்றன. தண்ணீர் அசையாமல் நிற்கும் அரை மணி, முக்கால் மணி நேரம் சாப்பிடுவதற்கு, முள் மாற்றுவதற்கு. சில கரைகளில் நாளுக்கு ஒரே ஒரு ஏற்றம்தான் இருக்கும், அதனால் நீங்கள் போகிற இடத்துக்கான ஓத அட்டவணையை (ஏற்றம், வற்றம் நேரங்களின் பட்டியலை) பார்த்துவிட்டுத்தான் கிளம்பும் நேரத்தை வைக்க வேண்டும்.

விடியற்காலையில் ஓட்டமும் இருந்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

காற்று எவ்வளவு இருந்தால் போகலாம்?

சின்னப் படகுக்கு 10 நாட் வரை, அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வரை, சுகமாக இருக்கும். 15 நாட், சுமார் 28 கிலோமீட்டர் என்றால் கடல் முழுக்க வெள்ளை நுரை தெரியும், போனாலும் தூண்டில் போடுகிற மாதிரி இருக்காது, பிடித்துக்கொண்டு உட்காரத்தான் முடியும்.

எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுதான் ஆளை ஏமாற்றும். கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் பாய் விரித்த மாதிரி இருக்கும், வெளியே போகப் போக அலை பெரிதாகும், திரும்பும்போது அத்தனையும் முகத்தில் அடிக்கும். இன்ஜின் நின்றுபோனால் அதே காற்று உங்களை ஆழ்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். அதேபோல காற்று ஒரு பக்கம், நீரோட்டம் அதற்கு எதிர்ப்பக்கம் என்றால் குறைந்த காற்றிலும் அலைகள் குட்டையாகச் செங்குத்தாக எழும், முகத்துவாரங்களில் இது மோசம். காலையில் போகும்போது அமைதியாக இருந்த முகத்துவாரம், வற்றம் ஆரம்பித்துக் கடல் காற்றும் எழுந்த பிறகு வேறு இடமாக இருக்கும், திரும்பும் நேரத்தை அதையும் கணக்குப் போட்டு வையுங்கள்.

அலையின் உயரத்தோடு இரண்டு அலைகளுக்கு நடுவில் எத்தனை விநாடி என்பதையும் முன்னறிவிப்பில் பாருங்கள். 10 விநாடி இடைவெளியில் வரும் 1 மீட்டர் அலையில் படகு மெல்ல ஏறி இறங்கும். 4 விநாடி இடைவெளி என்றால் அதே 1 மீட்டர் இடுப்பை ஒடித்துவிடும்.

கட்டாயம் எடுத்துப் போக வேண்டியவை?

ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், அதுவும் பெட்டிக்குள் இல்லை, உடம்பில். தண்ணீரில் விழுந்த பிறகு அதை மாட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று ஆழமில்லாத இடத்தில் ஒருமுறை முயன்று பார்த்தாலே தெரியும். இன்ஜின் கில் ஸ்விட்ச் கயிறு, அதாவது ஓட்டுகிறவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்துகிற கயிறு, ஓட்டுகிறவரின் உடம்பில் இருக்க வேண்டும். படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப் ரேடியோ இருந்தால் 16ஆம் சேனல் ஆபத்து அழைப்புக்கானது, எல்லோருக்கும் அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்கட்டும். போன் உறை போட்டு. விசில், டார்ச், கத்தி, முதலுதவிப் பெட்டி, நீளமான மூக்குள்ள குறடு, நினைத்ததைவிட இரண்டு மடங்கு குடிநீர்.

பெட்ரோலுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், திரும்பி வந்ததும் அவரிடம் சொல்லவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தேட ஆள் அனுப்பிவிடுவார்.

ராட், ரீல் எது நல்லது?

இரண்டு மீட்டர் நீளத்துக்கு உள்ளே ஒரு நடுத்தர ஸ்பின்னிங் ராட், 3000 அல்லது 4000 அளவு ரீல். கரையோரக் கடலில் கிடைப்பதில் பெரும்பகுதிக்கு இது போதும். கரையிலிருந்து வீசுகிற நீளமான ராடைப் படகுக்குக் கொண்டு வராதீர்கள், வீசும்போது பின்னால் இருப்பவரின் காதில்தான் முள் மாட்டும்.

ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, தூண்டில் நரம்பின் பலத்தில் நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றுக்குள் வையுங்கள். 10 கிலோ நரம்பு என்றால் இரண்டரை, மூன்று கிலோ இழுப்பில் நரம்பு ஓட வேண்டும். சின்னத் தராசு ஒன்றைக் கட்டி இழுத்துப் பார்த்தால் சரியாகத் தெரியும். கையால் இழுத்துப் பார்த்துவிட்டு "சரியாத்தான் இருக்கு" என்பவர்களின் நரம்புதான் முதலில் அறுகிறது.

நரம்பு பிரெய்டா, மோனோவா?

ரீலில் பிரெய்டு (பின்னிய நரம்பு), நுனியில் ஒன்றரை, இரண்டு மீட்டர் மோனோ (ஒற்றை இழை நரம்பு) அல்லது ஃபுளோரோகார்பன் லீடர், அதாவது முள்ளுக்கு முன்னால் கட்டும் துண்டு. பிரெய்டு நீளாது, 20 மீட்டர் ஆழத்தில் ஒரு மீன் இரையை முகர்ந்து பார்த்தால்கூடக் கையில் தெரியும், மெல்லியதாக இருப்பதால் ஓட்டமும் அதை அவ்வளவாக அடிக்காது. ஆனால் பாறையிலோ சிப்பியிலோ உரசினால் உடனே போய்விடும், அதற்குத்தான் லீடர். சீலா மாதிரிக் கத்திப் பல் உள்ள மீன்கள் சுற்றுகிற இடம் என்றால் ஒரு சாண் கம்பி லீடர் போடலாம், கடி கொஞ்சம் குறையும், முள் மிச்சமாகும்.

முடிச்சை இறுக்கும் முன் எச்சிலோ தண்ணீரோ பட்டு ஈரமாகட்டும். உலர்ந்த நரம்பு இறுகும்போது உரசிச் சூடாகிப் பலம் இழந்துவிடும். இரண்டே முடிச்சுகள் கற்றுக்கொண்டால் போதும், அவற்றை ஆடும் படகில் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிய வேண்டும்.

உயிருள்ள இரையா, வெட்டிய இரையா, செயற்கை இரையா?

முதல் தடவை வருகிறவர்கள் கூட இருந்தால் இறாலும் மீன் துண்டும். கேள்வியே வேண்டாம். உயிருள்ள சின்ன மடவை, மத்தி கிடைத்தால் அதைவிட நல்ல இரை இல்லை, ஆனால் அதைப் பிடிக்கவும் உயிரோடு வைத்திருக்கவும் காலையில் ஒரு மணி நேரம் போய்விடும். செயற்கை இரை சுறுசுறுப்பான ஆட்களுக்கு. நாள் முழுக்க வீசி வீசி இழுக்க வேண்டும், தோள் வலிக்கும், கடிக்கும்போது கிடைக்கிற அதிர்ச்சி அத்தனைக்கும் ஈடு.

வெட்டிய இரையை முள்ளில் உருண்டையாகத் திணிக்காதீர்கள். நீளவாக்கில் ஒரு பட்டையாக வெட்டி, ஒரு முனையில் மட்டும் முள்ளைக் குத்தி, நுனி வெளியே தெரியும்படி விட்டால் ஓட்டத்தில் அது வால் ஆட்டும். நடுவில் குத்தினால் தண்ணீரில் சுழன்று லீடரை முறுக்கிவிடும், மீனும் நம்பாது.

எந்த இடத்தில் நிறுத்துவது?

வெறும் மணல் தரையின் மேல் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. பார், பாறை, மூழ்கிய படகு, ஆழம் சட்டென்று மாறும் விளிம்பு, இரண்டு நிறத் தண்ணீர் சேருகிற கோடு, இப்படி ஏதாவது ஒன்றைத் தேடுங்கள். ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் கருவியில் தரையிலிருந்து கொஞ்சம் மேலே மேகம் மாதிரி தெரிவது பொடி மீன் கூட்டம். பறவைகள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி இறங்கினால் அங்கே கீழிருந்து யாரோ விரட்டுகிறார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே படகை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், எல்லாம் கலைந்துவிடும். ஓரமாக வந்து இன்ஜினை அடக்கி, அங்கிருந்து வீசுங்கள்.

பாருக்கு நேர் மேலே நங்கூரம் போடுவதும் சரியில்லை, அதில் பவளம் இருந்தால் அது செய்யவே கூடாத வேலை. ஓட்டம் வருகிற பக்கத்தில் மணலில் நங்கூரம் போட்டுக் கயிறு விட்டு, உங்கள் இரை ஓட்டத்தோடு போய்ப் பாரின் விளிம்பில் விழுகிற மாதிரி நில்லுங்கள். கயிறு ஆழத்தைப் போல் குறைந்தது ஐந்து மடங்கு, காற்று இருந்தால் ஏழு மடங்கு. 10 மீட்டர் ஆழத்துக்கு 15 மீட்டர் கயிற்றோடு வந்துவிட்டு நங்கூரம் பிடிக்கவில்லை என்று திட்டிப் பயனில்லை.

எப்போதும் அணியத்தில்தான் (படகின் முன்பக்கம்) நங்கூரக் கயிற்றைக் கட்ட வேண்டும். அமரத்தில் (பின்பக்கம்) கட்டினால், இன்ஜின் எடையால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பின்பக்கத்தை ஓட்டமும் அலையும் சேர்ந்து அமுக்கும், தண்ணீர் உள்ளே வர அதிக நேரம் ஆகாது. சின்னப் படகுகள் கவிழ்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

நங்கூரத்தில் நிற்கும்போது படகு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று அவ்வப்போது கவனியுங்கள். ஒரு நேரம் கயிறு தொளதொளக்கும், படகு எங்கே திரும்புவது என்று தெரியாமல் குறுக்காக நிற்கும், மிதக்கிற ஒரு நுரைக்கட்டி நகராமல் பக்கத்திலேயே இருக்கும். அப்புறம் மெதுவாக அணியம் மறுபக்கம் திரும்பிக் கயிறு விறைக்கும். தண்ணீர் மாறிவிட்டது, தூண்டிலைக் கையில் எடுங்கள்.

எல்லோருடைய நரம்பும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது, என்ன செய்வது?

எல்லோரும் ஒரே எடைக் குண்டு போடுங்கள். ஒருவர் 50 கிராம், பக்கத்தில் இருப்பவர் 100 கிராம் என்றால் இரண்டும் வேறு வேறு கோணத்தில் போய்க் கீழே கட்டிப் பிடித்துக்கொள்ளும். ஒருவருக்கு நல்ல மீன் மாட்டினால் பக்கத்தில் இருப்பவர்கள் உடனே சுருட்டி மேலே எடுத்துவிட வேண்டும், இதைக் கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிக்கிவிட்டால் ஆளாளுக்கு இழுக்காமல் ஒருவர் மட்டும் பிரிக்கட்டும். இரண்டு நிமிடத்தில் பிரியவில்லையா, வெட்டிவிடுங்கள். வெட்டிய நரம்பைக் கடலில் போடாதீர்கள், ஆமைக்கும் பறவைக்கும் அது எமன்.

மீன் கடித்ததும் சுண்டி இழுக்க வேண்டுமா?

முள்ளைப் பொறுத்தது. சாதாரண ஜே வடிவ முள் என்றால் கடி அழுத்தமாக வந்ததும் ஒரு சுண்டு. வட்ட முள் போட்டிருந்தால் சுண்டவே கூடாது, சுண்டினால் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். நரம்பு இறுகி ராட் தானாக வளையும்வரை பொறுத்து, நிதானமாகச் சுற்ற ஆரம்பியுங்கள், முள் வாயின் ஓரத்தில் தானாகப் பிடிக்கும். குடலில் மாட்டுவது குறைவு என்பதால், திருப்பி விடப்போகிற மீன்களுக்கும் அதுவே நல்லது.

டொக் டொக் என்று தட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் இரையைக் கொறிக்கும் பொடிகள். களவா கடித்தால் தட்டாது, ஒரே கனமாக இழுத்துக்கொண்டு பொந்தைப் பார்த்து இறங்கும், முதல் நாலைந்து விநாடியில் அதைத் தரையிலிருந்து தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் பாறைக்குள் போய்ச் செவுளை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பாரை மீன் வேறு ரகம், படகைச் சுற்றி வட்டம் அடிக்கும், படகில் இருப்பவர்கள் எல்லோரும் தலை குனிந்து வழி விட வேண்டும்.

வலைக்கரண்டியை மீனை நோக்கி வீசாதீர்கள். தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள், தலை முதலில் வருகிற மாதிரி தூண்டில்காரர் மீனை அதற்குள் நடத்திக் கொண்டு வரட்டும். வால் பக்கம் வலை பட்டால் அது பாய்ந்துவிடும், அப்புறம் அந்த இரண்டு நண்பர்களும் கரை வரைக்கும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

கூட வந்த ஒருவருக்குக் குமட்டல். திரும்பித்தான் ஆக வேண்டுமா?

முதலில் அவரைப் படகின் நடுவிலோ பின்பக்கமோ, ஆட்டம் குறைவான இடத்தில் உட்கார வையுங்கள். அடிவானத்தைப் பார்க்கட்டும், போனையோ முள் கட்டுவதையோ பார்க்கக் கூடாது. பெட்ரோல் புகையும் இரை நாற்றமும் வராத பக்கம். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். நங்கூரத்தில் நிற்கும் படகைவிட ஓடும் படகு பரவாயில்லை, இடம் மாற்றிப் பார்க்கலாம்.

மாத்திரை வேலை செய்ய வேண்டுமானால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும், வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள் என்பதால் படகு ஓட்டுகிறவர் யோசித்துப் போட வேண்டும். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இவ்வளவுக்கும் அடங்கவில்லை, ஆள் வெளிறிப்போய்த் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் திரும்புங்கள். கடி நன்றாக இருக்கிறது என்று அவரை மூலையில் படுக்க வைத்துவிட்டுத் தூண்டில் போடுகிறவர்களோடு நான் இரண்டாவது முறை போவதில்லை.

கையில் முள் ஏறிவிட்டால்? மீன் குத்திவிட்டால்?

தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் பார்த்து இருக்கும் சிறு கூர்முனையைக் கிளம்புவதற்கு முன்பே குறடால் நசுக்கி வைத்தால் பாதிப் பிரச்சினை இல்லை, வந்த வழியே எடுத்துவிடலாம். கண்ணுக்குப் பக்கத்திலோ கழுத்திலோ மூட்டிலோ ஏறியிருந்தால் தொடாதீர்கள், அசையாமல் கட்டி மருத்துவமனைக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

கடல் கெளுத்தியின் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் விஷ முள் உண்டு, திருக்கைக்கு வாலில். குத்தினால் வலி உயிரை எடுக்கும். காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரி செல்சியஸ், 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வைத்தால் வலி நன்றாகக் குறையும், அந்த விஷம் சூட்டில் சிதைகிற வகை. அதனால் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவது வீண் போகாது. வலியில் சூடு தெரியாது, அதனால் குத்தாத கையை விட்டுச் சூட்டைப் பார்த்த பிறகே காயத்தை அமிழ்த்துங்கள். திருக்கை முள் நெஞ்சிலோ வயிற்றிலோ பாய்ந்திருந்தால் பிடுங்கக் கூடாது, அப்படியே வைத்து நேராக மருத்துவமனை.

எந்த மீனைச் சாப்பிடக் கூடாது?

ஊதிப் பெரிதாகும் பேத்தையை விட்டுவிடுங்கள். அதன் ஈரலிலும் முட்டையிலும், சில வகைகளில் தோலிலும் சதையிலும்கூட, டெட்ரோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது, எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் போகாது. பேர் தெரியாத மீனையும் சாப்பிடுவதாக இருந்தால் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுத்தான். பவளப்பார் உள்ள வெப்பக் கடல்களில் மிகப் பெரிய களவா, சீலா போன்றவற்றில் சிகுவாட்டரா நச்சு சேர்ந்திருக்கலாம், அதுவும் சமைத்தால் போகாதது. அங்கெல்லாம் நடுத்தர அளவு மீனே நல்லது.

பிடித்த மீனை எப்படி வைப்பது?

வெறும் வாளியில் போட்டு வெயிலில் வைப்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கிற அநியாயம். பிடித்ததும் தலையில் ஒரு அடி, செவுள் அருகே வெட்டி இரத்தம் வடிய விட்டு, உடனே ஐஸுக்குள். ஐஸ் இரண்டு பங்கு, கடல் தண்ணீர் ஒரு பங்கு கலந்து கூழாக வைத்தால் மீனைச் சுற்றி எல்லாப் பக்கமும் குளிர் பிடிக்கும், உப்பு இருப்பதால் பூஜ்யம் டிகிரிக்கும் சற்றுக் கீழே போகும். சூரை, அயிலை போன்ற மீன்களை வெயிலில் விட்டால் ஹிஸ்டமின் உருவாகி முகம் சிவந்து தலைவலி, தடிப்பு வரும். பிறகு வறுத்தாலும் வேகவைத்தாலும் அது அழியாது.

சின்ன மீனைத் திருப்பி விட்டால் பிழைக்குமா?

பிழைக்க வைக்கலாம். கையை ஈரமாக்கிக்கொண்டு பிடியுங்கள், உலர்ந்த கையும் துணியும் மேலே உள்ள வழுவழுப்பைத் துடைத்து எடுத்துவிடும். முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காமல் நரம்பை வாய்க்குப் பக்கத்தில் வெட்டி விடுங்கள். ஆழத்திலிருந்து வந்த மீனின் வயிறு ஊதிக் கண் பிதுங்கியிருந்தால் காற்றுப்பை விரிந்துவிட்டது என்று அர்த்தம், மேலே விட்டால் மிதந்துகொண்டே சாகும். எடை கட்டிய கருவியால் அதை மறுபடி ஆழத்துக்கு இறக்கி விட வேண்டும், இல்லையென்றால் அந்த ஆழத்தில் தூண்டில் போடுவதை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எந்த அளவுக்குக் கீழே விட வேண்டும், ஆளுக்கு எத்தனை, உரிமம் வேண்டுமா, எந்த மாதம் தடை என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். போகிற இடத்தின் விதியைப் பார்த்துவிட்டு ஒரு அளவுகோலும் எடுத்துப் போங்கள். சில இடங்களில் வால் நுனி வரை அளப்பார்கள், சில இடங்களில் வாலின் பிளவு வரைதான்.

இடி மின்னல் வந்தால்?

ராடுகளைக் கீழே படுக்க வையுங்கள், கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் 30 விநாடிக்குள் என்றால் அது மிகவும் பக்கம். ஆனால் அதை எண்ணிக்கொண்டிருக்கும் நிலைக்கு வரவே கூடாது, மேகம் கறுத்துக் காற்று சட்டென்று குளிர்ந்ததுமே கரைக்குக் கிளம்பியிருக்க வேண்டும்.

ஒருவருக்கு மட்டும் மீன், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. எப்படிப் பங்கு போடுவது?

சமமாக. யார் பிடித்தது என்ற கணக்கு போட்டோவுக்கு மட்டும். பெட்ரோல், ஐஸ், இரை செலவையும் கிளம்பும் முன்பே ஆளுக்கு இவ்வளவு என்று பேசி முடியுங்கள். மீன் வேண்டாம் என்று சொல்கிறவர் செலவிலும் கழித்துக்கொள்ளப் பார்ப்பார், விடாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு என்ன வேலை இருக்கிறது?

படகு கழுவுவதும் மீன் கழுவுவதும் எல்லோருடைய வேலை, படகுக்காரர் தலையில் கட்டிவிட்டு நழுவாதீர்கள். இன்ஜினில் நல்ல தண்ணீர் ஓட விடுங்கள். ரீலைக் கழுவும்போது டிராக்கை இறுக்கி வைத்து, குழாயை வேகமாகத் திறக்காமல், மேலே மெல்லப் படுகிற மாதிரி கழுவுங்கள், பலமாக அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். துடைத்து நிழலில் காய வைத்து, காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி விடுங்கள். செயற்கை இரைகளின் முட்களையும் மறக்காமல் கழுவிக் காய வையுங்கள், உப்போடு பெட்டியில் போட்டால் ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் துரு ஏறிவிடும்.